1.2 பெட்ரோல் ஹேட்ச்பேக், சிட்டியில் 12 கி.மீ. தான்: கால் தப்பா, வண்டி தப்பா?

தாம்பரம்1200:

வண்டி 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல், 5 கியர் மேனுவல், 2021 மாடல், பிஎஸ்6. 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தினமும் தாம்பரம் - கிண்டி, ஜி.எஸ்.டி. ரோடு வழியாகப் போக வர 32 கி.மீ. காலை எட்டரை, மாலை ஆறரை. குரோம்பேட்டை, பல்லாவரம் நெரிசல் கொஞ்சமும் குறையாமல் கிடைக்கும் நேரம். மாதம் ஒருமுறை திருச்சி.

சிட்டியில் ஏ.சி. போட்டு லிட்டருக்கு 12 கி.மீ. கொடுக்கிறது. ஹைவேயில் 110-ல் போனால் 16. விளம்பரத்தில் 20-க்கு மேல் போட்டிருக்கிறார்கள். சர்வீஸ் தவறியதில்லை.

கேட்க நினைப்பது இவை. எந்த வேகத்தில் எந்தக் கியர்? சிக்னலில் அணைக்கலாமா, அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் கூடுமா? இறக்கத்தில் நியூட்ரல் சரியா? "மெதுவாப் போங்க" என்பதைத் தாண்டி, எதனால் எவ்வளவு போகிறது என்று யாராவது கணக்காகச் சொன்னால் நல்லது.

வலதுகால்:

அந்த 20-ஐ முதலில் ஓரமாக வையுங்கள். அது ரோட்டில் எடுத்த எண் அல்ல. ரோலர் மேல் வண்டியை நிறுத்தி, 1180 நொடி, 10 கி.மீ.க்குச் சற்று அதிகமான தூரம், வரையறுத்த வேகத்தில் ஓட்டி எடுப்பது. அதிலே உச்ச வேகமே 90. ஏ.சி. கிடையாது, பள்ளம் கிடையாது, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோவும் கிடையாது. இரண்டு மாடல்களை ஒப்பிட அந்த எண் உதவும். உங்கள் பல்லாவரம் காலை நேரத்தோடு ஒப்பிட உதவாது.

இப்போது கணக்கு. ஆட்களோடு சேர்த்து வண்டி 1100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 106 கிலோ ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகா ஜூல் இருக்கிறது. அதில் கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும், அதாவது 8 மெகா ஜூல். ஆக, 50-ல் வந்து பிரேக் அடித்து நின்றால், ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய 13 மி.லி. பெட்ரோலைப் பிரேக் பேடில் சூடாக்கி விட்டுவிட்டீர்கள். 60-ல் வந்து நின்றால் 19 மி.லி. 30-ல் வந்து நின்றால் 5 மி.லி.கூட இல்லை.

ஒரு வழி 16 கி.மீ.யில் நாற்பது தடவை 50-லிருந்து நின்றால் 530 மி.லி. உங்கள் 12 கி.மீ. கணக்குப்படி அந்த 16 கி.மீ.க்கு மொத்தமே 1,330 மி.லி. தான் செலவு. ஐந்தில் இரண்டு பங்கு பிரேக்கில் போகிறது. நெரிசலில் இன்ஜின் கால் பங்குகூடக் கொடுக்காது என்பதால் நிஜத்தில் இன்னும் அதிகம்தான்.

பலரும் ஆக்ஸிலரேட்டரைத்தான் குற்றம் சொல்வார்கள். மிதித்த வேகம் அடுத்த அரை கிலோமீட்டர் உருண்டு பயன்பட்டால் அது வீண் இல்லை. மிதித்த நூறாவது மீட்டரில் பிரேக் அடிப்பதுதான் வீண். அதனால் பார்க்க வேண்டியது முன்னால் போகும் காரின் பின்பக்க விளக்கை அல்ல. அதற்கு முன்னால் மூன்றாவது, நாலாவது வண்டியை. அங்கே சிவப்பு விளக்கு எரிந்ததும் காலை எடுத்துவிடுங்கள். கியரிலேயே உருளட்டும். சிக்னல் சிவப்பு என்று 150 மீட்டருக்கு முன்பே தெரிந்தால், அங்கே ஓடிப்போய் நிற்பதில் லாபம் ஒன்றுமில்லை. 15 கி.மீ. வேகத்தில் உருண்டு போய்ச் சேரும்போது வரிசை நகர ஆரம்பித்திருந்தால், இரண்டாம் கியரிலேயே கிளம்பிவிடலாம். முழுதாக நின்று கிளம்புவதற்கும் இப்படிக் கிளம்புவதற்கும் உள்ள வித்தியாசம்தான் சிட்டி மைலேஜ்.

எம்.டி.சி. பஸ்ஸுக்குப் பின்னாலேயே இடது ஓரத்தில் ஒட்டிப் போகிறவர்கள் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் அதோடு சேர்ந்து நிற்கிறார்கள். பஸ் இன்டிகேட்டர் போட்டு ஒதுங்கும் முன்பே பாதையைத் தீர்மானித்துவிடுவது நல்லது. முன்னால் இடைவெளி விட்டால் ஆட்டோ நுழைவான் என்பது உண்மை. நுழையட்டும். அவனுக்காகக் காலை எடுத்தால் போதும், பிரேக் தேவைப்படாத அளவு இடம் இருந்தால் சரி.

கியர்: சமதளத்தில் 15-ல் இரண்டு, 28-30-ல் மூன்று, 42-45-ல் நாலு, 55-60-ல் ஐந்து. ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் 2,000-க்கும் 2,500-க்கும் இடையில் மாற்றினால் போதும். முதல் கியர் என்பது வண்டியை அசைக்க மட்டும்; இரண்டு கார் நீளத்துக்கு மேல் அதில் போக வேண்டாம். முட்டையை மிதிப்பது போல மிதித்து, ஆமை வேகத்தில் ஏற்றுவதும் நல்லதல்ல. பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டில் (காற்று உள்ளே போகும் கதவு) கொஞ்சமாகத் திறந்திருந்தால், காற்றை உறிஞ்சவே இன்ஜின் சக்தியைச் செலவழிக்கும். பெடலைப் பாதிக்குச் சற்றுக் குறைவாக அழுத்தி, சீக்கிரம் மேல் கியருக்கு வந்து, அங்கே காலைத் தளர்த்துவதுதான் முறை.

அதற்காக 35-ல் ஐந்தாம் கியர் போட்டுவிட்டு அழுத்தாதீர்கள். வண்டி நடுங்கும், 'கட கட' என்று தட்டும். உடனே இன்ஜின் கம்ப்யூட்டர் இக்னிஷனை, அதாவது பொறி விழும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளும். பெடலை அடிவரை மிதித்தால் கலவையையும் செறிவாக்கும். இரண்டிலும் பெட்ரோல்தான் போகும். பாதிக்கு மேல் மிதித்தும் வண்டி இழுக்கவில்லை என்றால் ஒரு கியர் குறையுங்கள்.

சிக்னல்: இந்த அளவு இன்ஜின் ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) மணிக்குச் சுமார் 0.7 லிட்டர் குடிக்கும். நிமிடத்துக்கு 12 மி.லி. ஏ.சி. ஓடினால் 17 முதல் 20 மி.லி. இன்ஜெக்‌ஷன் வண்டியைச் சூடாக இருக்கும்போது மறுபடி ஸ்டார்ட் செய்ய ஆகும் பெட்ரோல், பத்து நொடி ஐடிலுக்கு மேல் இல்லை. ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் கொட்டும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. ஆனாலும் பத்து நொடிக்கெல்லாம் அணைக்கச் சொல்லமாட்டேன். ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியோடு வரும் வண்டிகளுக்கு அடிக்கடி ஸ்டார்ட் செய்வதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரி கொடுத்திருப்பார்கள். உங்களுடையது சாதா பேட்டரி என்றால், ஒரு பயணத்தில் முப்பது தடவை ஸ்டார்ட் செய்தால் சார்ஜ் ஏற நேரம் போதாது. எண்ணிக்கை ஓடும் சிக்னலில் 30-க்கு மேல் காட்டினால் அணையுங்கள், 5 வரும்போது ஸ்டார்ட். அணைத்ததும் சாவியை மறுபடி 'ஆன்' நிலைக்குக் கொண்டு வந்துவிடுங்கள், ஏர்பேக் விழித்திருக்கும். இரவில் ஹெட்லைட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர்14:

மேல சொன்னது எல்லாம் சரி. ஆனா காலைத் திருத்துறதுக்கு முன்னாடி வண்டியைப் பாருங்க. சக்கரம் ஒண்ணு பிடிச்சுக்கிட்டிருந்தா எப்படி ஓட்டினாலும் 12 தான்.

காத்து. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஸ்டிக்கர் இருக்கும், அதுல இருக்கிற பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) 'குளிர்ந்த' டயருக்கானது. வண்டி மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும், இல்லாட்டி ரெண்டு கிலோமீட்டருக்குள்ள ஓடியிருக்கணும். பத்து கிலோமீட்டர் வெயில்ல ஓட்டிட்டுப் போய் பங்க்ல 33 பிடிச்சீங்கன்னா, மறுநாள் காலையில அது 29, 30 தான். மாசத்துக்கு 1 - 2 பிஎஸ்ஐ தானாவே இறங்கும். ஒரு பிஎஸ்ஐ குறைஞ்சா மைலேஜ்ல 0.2 சதவீதம் போகும்னு கணக்கு. சின்னதாத் தெரியும், நாலு டயரும் 8 குறைஞ்சு ஓடுற வண்டி ரோட்டுல எத்தனை இருக்குன்னு பார்த்தா சின்னதில்லை. டயர் ஓரமும் தேயும். கையில ஒரு கேஜ் வாங்கி வைங்க, வாசல்லயே பார்த்துக்கலாம். மைலேஜுக்காக ஸ்டிக்கருக்கு மேல 5, 6 ஏத்துறது வேண்டாம். மழையில பிரேக் தூரம் கூடும், நடுப்பட்டை மட்டும் தேயும். நைட்ரஜனுக்குத் தனியா காசு கொடுக்காதீங்க, சாதா காத்துலயே 78 சதவீதம் அதுதான்.

பிரேக் பிடிப்பு. இது நிறைய பேர் கவனிக்காத இடம். பத்து கிலோமீட்டர் ஓட்டுங்க, கடைசி ஒரு கிலோமீட்டர் முடிஞ்ச வரைக்கும் பிரேக் தொடாம வந்து நிறுத்துங்க. நாலு சக்கரத்துக்கும் பக்கத்துல கையைக் கொண்டு போங்க, தொடாதீங்க. முன் சக்கரம் ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அங்க காலிப்பர் (பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கிற பாகம்) ஒட்டிக்கிட்டிருக்கு. பெரும்பாலும் ஸ்லைடு பின் காய்ஞ்சு துருப்பிடிச்சிருக்கும். பின்னைக் கழட்டி, துடைச்சு, ரப்பருக்கு ஒத்துக்கிற சிலிக்கான் கிரீஸ் போடணும். சாதா பேரிங் கிரீஸ் போட்டா ரப்பர் பூட் ஊதி மறுபடி ஒட்டும், ஆறு மாசத்துல அதே கதை. பின் சக்கரம் ரெண்டும் சூடுன்னா ஹேண்ட்பிரேக் கேபிளை ரொம்ப இழுத்துக் கட்டியிருக்காங்க.

தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூட்டுக்கு ஏத்தபடி கூலன்ட்டைத் திறந்து மூடுற வால்வு. திறந்தபடியே மாட்டிக்கிட்டா இன்ஜின் சூடே ஏறாது. வண்டி ஓடும், எந்தக் குறையும் தெரியாது. ஆனா கம்ப்யூட்டர் 'இன்னும் குளிர்ச்சியா இருக்கு'ன்னு நெனச்சு பெட்ரோலைக் கூட்டிக்கிட்டே இருக்கும். இப்போ நிறைய வண்டியில டெம்பரேச்சர் முள்ளே இல்லை, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். வண்டிக் கம்ப்யூட்டரைப் படிக்கிற ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனர் ஒண்ணை ஸ்டியரிங் கீழே இருக்கிற சாக்கெட்ல சொருகி போன்ல பாருங்க. ஓட ஆரம்பிச்ச பத்து, பன்னெண்டு நிமிஷத்துல கூலன்ட் 85-95 டிகிரிக்கு வந்து நிக்கணும். ஹைவேயில 70-க்கு இறங்குதுன்னா தெர்மோஸ்டாட்தான். ஸ்கேனர்ல பி0128ங்கிற பிழைக் கோடு வந்தா பெரும்பாலும் அதுதான். அதே ஆப்ல 'லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம்' பாருங்க, கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைச்சுக்குதுங்கிற கணக்கு அது. பிளஸ், மைனஸ் 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும். பிளஸ் 15, 20 காட்டினா எங்கயோ காத்துக் கசிவு, இல்லாட்டி ஆக்சிஜன் சென்சார் தப்பா சொல்லுது.

46,000-ல பிளக்கையும் பாருங்க. சாதா நிக்கல் பிளக்னா இதுக்கு முன்னாடியே மாத்தச் சொல்லி மேனுவல்ல போட்டிருக்கலாம். இரிடியம்னா இன்னும் ஓடும். ஆயில் மேனுவல்ல சொன்ன கிரேடு மட்டும். 0டபிள்யூ-20 கேக்குற இன்ஜின்ல 'கெட்டியா இருந்தா நல்லது'ன்னு 20டபிள்யூ-50 ஊத்தினா அதைக் கலக்கவே பெட்ரோல் செலவாகும். கிளட்ச் நழுவுதான்னு பார்க்க, நாலாம் கியர்ல 40-ல போய் முழுசா மிதிங்க. ஆர்பிஎம் விருட்டுன்னு ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் டிஸ்க் போச்சு. கிளட்ச் பெடல் மேலயே காலை வெச்சு ஓட்டுறவங்களுக்கு இது 40,000-லயே வரும்.

ஏர் ஃபில்டரைப் பத்தி ஒரு வார்த்தை. அழுக்கானா மைலேஜ் விழும்ங்கிறது கார்புரேட்டர் வண்டிக்குப் பெரிய உண்மை. இன்ஜெக்‌ஷன் வண்டியில வர்ற காத்துக்கு ஏத்த மாதிரி பெட்ரோலைக் குறைச்சுக்கும், அதனால மைலேஜ் பெருசா மாறாது, இழுவைதான் குறையும். மாத்துங்க, ஆனா அதிலேயே 2 கி.மீ. கூடும்னு எதிர்பார்க்காதீங்க. பெட்ரோல் பைப்புல மாட்டுற காந்தம், டேங்க்ல போடுற மாத்திரை, இதெல்லாம் பேசவே வேண்டாம்.

மலையேறி:

நியூட்ரல் பற்றி யாரும் சொல்லவில்லையே. இறக்கத்தில் கியரில் விட்டால் ஆர்பிஎம் 2,000-க்கு மேல் நிற்கிறது. நியூட்ரலில் 800. குறைவாகச் சுற்றினால் குறைவாகத்தானே குடிக்கும்? ஏற்காடு இறங்கும்போது பாதி வண்டிகள் நியூட்ரலில்தான் வருகின்றன.

வலதுகால்:

மலையேறி, ஆர்பிஎம் எவ்வளவு என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சுற்றுவது எதனால் என்று பாருங்கள். கியரில் இருக்கும்போது சக்கரம் இன்ஜினைச் சுற்றுகிறது. காலை முழுதாக எடுத்துவிட்டால், இன்ஜின் சூடாக இருந்து ஆர்பிஎம் ஏறக்குறைய 1,300-1,500-க்கு மேல் இருக்கும்வரை, கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடிவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு இல்லை. அணைந்துபோகாமல் இருக்க அது குடித்தே ஆக வேண்டும். அதே 0.7 லிட்டர் கணக்கு. ஓபிடி ஆப்பில் உடனடிச் செலவைப் போட்டுப் பார்த்தால் கண்ணாலேயே தெரியும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மிக லேசான சரிவில் நியூட்ரலில் வண்டி அதிக தூரம் உருளும், ஏனென்றால் இன்ஜின் இழுத்துப் பிடிக்காது. அங்கே சில மி.லி. மிச்சம் வரலாம். ஆனால் அதற்கு அடிமையாகிவிட்ட கை மலையிலும் நியூட்ரலுக்குத்தான் போகும்.

மலையில் என்ன ஆகும்? மொத்த எடையையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி, கல்லட்டியில் 36, ஏற்காட்டில் 20. ஒவ்வொன்றுக்கும் மிதித்துக்கொண்டே வந்தால் பேட் சூடாகி, சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். புது டாட் 3 தர ஆயில் 205 டிகிரியில்தான் கொதிக்கும், டாட் 4 என்றால் 230. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; ஈரம் ஏறிய பழைய ஆயில் டாட் 3-இல் 140-க்கு இறங்கிவிடலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு போல உள்ளே போகும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்வது இதற்காகத்தான். இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் இரண்டு, மூன்று மிதிக்குத்தான் வரும். அதன் பிறகு பெடல் கல். பவர் ஸ்டியரிங்கும் போய்விடும்.

ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. பாதுகாப்பும் அதிலேதான், பெட்ரோல் மிச்சமும் அதிலேதான்.

ஆறுடோல்:

ஹைவே பக்கம் நான் சொல்கிறேன். 110-ல் 16 கிடைப்பதே மோசமில்லை.

காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 80-லிருந்து 100-க்குப் போனால் 56 சதவீதம் அதிகம். 110 என்றால் கிட்டத்தட்ட 90 சதவீதம். டயர் உருளும் எதிர்ப்பு பெரிதாக மாறாது என்பதால் மொத்தச் செலவு அதே அளவு ஏறாது. இந்த அளவு ஹேட்ச்பேக்குக்குப் போட்டுப் பார்த்தால், 110-ல் வண்டியைத் தள்ளத் தேவைப்படும் மொத்த விசை சுமார் 500 நியூட்டன், 90-ல் 375. கால் பங்கு குறைவு. குறைந்த சுமையில் இன்ஜின் திறனும் கொஞ்சம் இறங்கும், அதைக் கழித்தால் பெட்ரோலில் 15 முதல் 20 சதவீதம் மிஞ்சும். அதாவது 16 என்பது 19-ஐத் தொடும்.

தாம்பரத்திலிருந்து திருச்சி ஏறக்குறைய 300 கி.மீ. 16-ல் 18.75 லிட்டர், 19-ல் 15.8 லிட்டர். போக மட்டும் 3 லிட்டர் மிச்சம். நேரம்? விடாமல் 110-ல் போனால் 2 மணி 44 நிமிடம், 90-ல் 3 மணி 20 நிமிடம். காகிதத்தில் 36 நிமிடம். ரோட்டில் அத்தனை வராது, 110-ல் யாரும் விடாமல் போக முடியாது. லாரி இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு போகும், நீங்கள் 70-க்கு இறங்கி மறுபடி 110-க்கு ஏற்றுவீர்கள். அந்த ஏற்றம்தான் குடிக்கும்.

இந்த ரோட்டில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என ஆறு டோல். 110-ல் வந்து பிரேக் அடித்து நின்றால் மேலே சொன்ன அதே கணக்கில் ஒரு டோலுக்கு 64 மி.லி., ஆறுக்கும் சுமார் 385. 500 மீட்டர் பலகை தெரிந்ததும் காலை எடுத்து ஐந்தாம் கியரிலேயே உருளவிட்டால், பூத் வரிசைக்கு வரும்போது வேகம் நன்றாக இறங்கியிருக்கும். அப்படி உருளும்போது இன்ஜெக்டரும் மூடியிருக்கும். பின்னால் யாராவது ஒட்டிக்கொண்டு வந்தால் பிரேக் பெடலை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுங்கள். கியரில் உருளும்போது பின்விளக்கு எரியாது.

ஊருக்கு ஊர் மேம்பாலம் வரும். ஏறும்போது 90-ஐக் காப்பாற்ற அழுத்தாமல் 82, 83-க்கு விட்டுவிட்டு, இறங்கும்போது தானாக ஏறவிடுங்கள். க்ரூஸ் கன்ட்ரோல் இதைச் செய்யாது, வேகத்தைப் பிடிக்க ஏற்றத்தில் அழுத்தும். சமதளத்தில் மட்டும் அது நல்லது.

மேலே கேரியர் மாட்டியிருந்தால், சுமை ஏற்றாத நாளில் கழற்றி வையுங்கள். கூரையில் பெரிய பெட்டி வைத்தால் ஹைவேயில் 6 முதல் 17 சதவீதம்வரை போகும். அதே பொருளை டிக்கியில் வைத்தால் 45 கிலோவுக்கு 1 சதவீதம்தான். கண்ணாடி இறக்கி 90-ல் போவதைவிட ஏ.சி. போட்டு ஏற்றிவிடுவது மேல். லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் காற்று குறையும் என்பது பௌதிகப்படி சரிதான். ஆனால் பலன் தெரிய வேண்டுமென்றால் அவன் பிரேக் அடித்தால் நீங்கள் தப்ப முடியாத தூரத்துக்குப் போக வேண்டும். மூன்று நொடி இடைவெளிக்குக் குறைய வேண்டாம்.

தாம்பரம்1200:

எல்லோருக்கும் நன்றி. காலையில் காற்று பார்த்தேன்: ஸ்டிக்கரில் 33, டயரில் 28, 28, 27, 29. மற்றதை இந்த வாரம் பார்க்கிறேன். இன்னும் மூன்று சந்தேகம். டேஷ்போர்டு 13.1 என்கிறது, நான் கணக்குப் போட்டால் 12, எது சரி? ஏ.சி.யை எப்படி வைத்தால் குறைவு? 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலால் எவ்வளவு போகிறது?

அளவுக்கோப்பை:

டேஷ்போர்டு எண், இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்தது என்பதை வைத்துக் கம்ப்யூட்டர் போடும் மதிப்பீடு. பெரும்பாலும் 5-10 சதவீதம் கூட்டித்தான் காட்டும். ஒரு நாளையும் இன்னொரு நாளையும் ஒப்பிட அது போதும். உண்மை எண்ணுக்கு டேங்க் டு டேங்க்தான். ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், ஆட்டோ கட் ஆனதும் நிறுத்துங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, 350-400 கி.மீ. ஓடியபின் அதே இடத்தில் மறுபடி கட் ஆகும்வரை. ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுக்கவும். 10 லிட்டருக்குள் போட்டுக் கணக்குப் பார்த்தால், கட் ஆகும் இடம் அரை லிட்டர் மாறினாலே 5 சதவீதம் பிழை. மூன்று டேங்க் சராசரி எடுங்கள். கட் ஆனபிறகு 'ரவுண்டா போடுங்க' என்று வாய்வரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பாவுக்குள் திரவமாகவே போய் அதைக் கெடுத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காற்றைச் சரிசெய்து ஒரு டேங்க், பிறகு ஓட்டும் முறை. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது கொடுத்தது என்று தெரியாது.

ஏ.சி.: வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் நாலு கண்ணாடியையும் இறக்கி, ஒரு நிமிடம் ஓட்டி, சூட்டை வெளியே அனுப்புங்கள். பிறகு ஏற்றி, ஃபேனைக் கூட்டி, உட்காற்று சுழலும் பொத்தானைப் போடுங்கள். குளிர்ந்ததும் ஃபேனை 1 அல்லது 2-க்கு இறக்குங்கள், கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடும். மேனுவல் ஏ.சி.யில் பலர் ஒரு தப்புச் செய்கிறார்கள்: குளிர் அதிகமானால் திருகியைச் சிவப்புப் பக்கம் திருப்புவது. அது கம்ப்ரஸரைக் குறைக்காது, ஹீட்டர் கதவைத் திறந்து குளிர்ந்த காற்றோடு சூட்டைக் கலக்கும். காசு கொடுத்துக் குளிரூட்டி, காசில்லாமல் சூடாக்கிக்கொள்வது போல. திருகி முழு நீலத்தில் இருக்கட்டும், ஃபேனால் கட்டுப்படுத்துங்கள். ஆட்டோ ஏ.சி. என்றால் 24, 25-ல் விட்டுவிடலாம்.

இ20: எத்தனாலில் லிட்டருக்குச் சுமார் 21 மெகா ஜூல், பெட்ரோலில் 32. கலப்பு கூடினால் லிட்டருக்கு ஆற்றல் குறையும், இதில் ஓட்டும் முறை ஒன்றும் செய்ய முடியாது. நிதி ஆயோக் 2021 ஜூனில் வெளியிட்ட அறிக்கையில், இ10-க்கு டியூன் செய்த பழைய வடிவமைப்புக் கார்களுக்கு 6-7 சதவீதம் இழப்பு என்றும், இ20-க்கே டியூன் செய்தவற்றுக்கு 1-2 சதவீதம் என்றும் போட்டிருந்தார்கள். உங்கள் வண்டி 2021 என்பதால், வாங்கிய புதிதில் எழுதி வைத்த மைலேஜோடு இப்போதையதை ஒப்பிட்டு வண்டி கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். 13-ல் 6 சதவீதம் போனாலே 12.2.

பல்லாவரம்ஏஎம்டி:

ஏஎம்டி வண்டிக்கும் (கிளட்ச், கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டி) இதே கியர் கணக்குதானா? கியர் நம் கையில் இல்லையே.

ஸ்பேனர்14:

பாதி உங்க கையிலதான் இருக்கு. 30-ஐத் தாண்டியும் ரெண்டாவதுலயே இழுத்துக்கிட்டிருந்தா, பெடல்ல இருந்து காலை அரை நொடி தளர்த்துங்க, மேல் கியருக்குத் தாவிடும். அது மாறுற நேரத்துல மிதிச்சுக்கிட்டே இருந்தா தலையாட்டும், பெட்ரோலும் வீண். ஊர்ந்து போற நெரிசல்ல லீவரை மேனுவலுக்குத் தள்ளி ரெண்டாவதுல வைங்க. முதலுக்கும் ரெண்டுக்கும் மாறி மாறி அடிச்சுக்காது. வேகம் ரொம்பக் குறைஞ்சா அதுவே முதலுக்கு இறங்கிடும், அணையாது.

பாலத்து ஏத்தத்துல நிக்கும்போது மட்டும் ஆக்ஸிலரேட்டரை லேசா மிதிச்சு வண்டியைப் பிடிச்சு நிறுத்தாதீங்க. உள்ளே இருக்கிறது சாதா கிளட்ச்தான், ஆட்டோமேட்டிக் வண்டியில ஆயில் மூலமா சக்தியைக் கடத்துற டார்க் கன்வெர்ட்டர் இல்லை. ஹேண்ட்பிரேக் போடுங்க.